கடன் கொடுத்த கடையும் கடன் வாங்கிய கடையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். கல்யாணமாவது இரண்டொரு நாளில் முடிந்துவிடுகிறது. வீடோ கட்டி முடித்த பின்னும் முடிவதில்லை. கூரை ஒழுகும், கதவு தாழ்ந்து தரையில் உராயும், சுவரில் வெடிப்புக் காணும், பிள்ளைகள் வளர வளர ஓர் அறையேனும் கூட்ட வேண்டிவரும், தைப்பொங்கல் வந்தால் சுவருக்கு வர்ணம் பூசியாக வேண்டும். ஆகவே, மனிதர் வீட்டில் வாழும் வரையில் வீட்டுக்கான சாமான் விற்கும் கடைக்கும் வாழ்வு உண்டு என்றே எவரும் எண்ணுவர். ஆணி அழுகிப்போவதில்லை, தண்ணீர்க் குழாய்க்குச் சேலையைப் போல ஆண்டுக்கொரு மோஸ்தர் வருவதும் இல்லை.

அப்படியிருந்தும், இத்தொழிலில் இறங்கிய பெருங்கடைகள் பல நம் கண்முன்னே சரிந்துவிட்டன. கோடிக்கணக்கில் முதலிட்டவர்கள் தம் கடைகள் அத்தனையையும் ஒரேயொரு பவுணுக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய கதையும் உண்டு. அதே காலத்தில், எமது லிந்துலையிலும் அயலிலுள்ள தலவாக்கலையிலும் வாசலில் நாலு தகரத்தைச் சாத்தி, உள்ளே பத்துச் சீமெந்து மூடையை அடுக்கி வைத்திருக்கும் சிறு கடைகள் நின்று நிலைத்திருக்கின்றன. பெரியது வீழ்வதும் சிறியது நிற்பதும் வெறும் விதியின் விளையாட்டுத்தானா, அன்றி அதற்கு ஒரு காரணமும் உண்டா என்று சற்று ஆராய்ந்து பார்ப்பது பயன்தரும் எனக் கருதுகிறோம்.

மேனாடுகளில் உள்ள இத்தகைய கடையை நம்மூர் இரும்புக் கடையின் பெரிய உருவம் என்று நினைத்துவிடலாகாது. அதன் போக்கே வேறு. பல்லாயிரம் சதுர அடி பரந்த ஒரே கூரையின் கீழ் மரப்பலகை முதல் மலர்ச்செடி வரை அனைத்தும் இருக்கும். வீட்டுக்காரர் தாமே தள்ளுவண்டியை உருட்டிச் சென்று வேண்டியதைத் தெரிந்தெடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு போய், விடுமுறை நாளிலே தாமே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சுவருக்கு வர்ணம் பூசுவார். வேலையாளுக்கு ஒருநாட் கூலி கொடுப்பது அங்கே பெருஞ்செலவு. ஆகவே உன் வீட்டு வேலையை நீயே செய் என்பதே அக்கடைகளின் தாரக மந்திரம். 1978ஆம் ஆண்டு தோன்றி, 1979இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் முதற் கடைகளைத் திறந்த ஹோம் டிப்போ என்னும் நிறுவனம் இந்த மந்திரத்தைக் கொண்டே உலகின் மிகப் பெரிய வீட்டுச் சாமான் வணிகமாக வளர்ந்தது.

அதன் வளர்ச்சியைக் கண்டவர்களுக்கு, நம் நாடுகளிலும் இதனைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியதில் வியப்பில்லை. இந்தியாவில் அதனைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் கிஷோர் பியானி. இராஜஸ்தானிலிருந்து பம்பாய்க்கு வந்து துணி வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1987இல் காற்சட்டை தைத்து விற்கும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1997இல் கல்கத்தாவில் பான்டலூன்ஸ் என்ற பெரிய துணிக்கடையைத் திறந்தார். 2001இல் பிக் பஜாரைத் தொடங்கினார். பளபளப்பான வெளிநாட்டுக் கடைகளைப் பார்த்து நம் நாட்டுச் சாதாரண மக்கள் உள்ளே நுழையவே கூச்சப்படுகிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே தமது கடையில் வேண்டுமென்றே சந்தடியை உண்டாக்கினார். அரிசியையும் பருப்பையும் திறந்த பாத்திரங்களில் குவித்து, பெண்கள் கையால் அள்ளிப் பார்த்து வாங்கும்படி வைத்தார். சந்தைக்குப் பழகிய மக்கள் சந்தையைக் கூரைக்குள் கண்டார்கள். கூட்டம் அலைமோதியது. வாடிக்கையாளரை அறிந்துகொண்ட வியாபாரி என்று அவரை அனைவரும் புகழ்ந்தனர். அந்தப் புகழ் பொருத்தமானதே.

அடுப்படிச் சாமானில் பெற்ற இந்த வெற்றியை வீட்டுச் சாமானிலும் பெறலாம் என்று அவர் கருதினார். 2007ஆம் ஆண்டு டில்லியை அடுத்த நொய்டாவில் ஹோம் டவுன் என்ற கடை எழுந்தது. ஒரு இலட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட மாளிகை அது. வெறும் சுவருடன் ஒருவர் வந்தால், தரைக்கு ஓடு, சுவருக்கு வர்ணம், குளியலறைக்குக் குழாய், மின்விளக்கு, கட்டில், மெத்தை, திரைச்சீலை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பெற்றுக்கொண்டு போகலாம். வடிவமைத்துக் கட்டித்தரும் சேவையும் உண்டு. பிறகு வேறு நகரங்களிலும் கிளைகள் திறக்கப்பட்டன. இந்தியாவில் நடுத்தர வகுப்பினர் புதிதாக வீடு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. தேவை இருந்தது, பணம் இருந்தது, கடையும் வந்துவிட்டது. இனி என்ன குறை?

குறை மேசனிடத்தில் இருந்தது என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதுவே உண்மை. நம் நாடுகளில் வீட்டுக்காரர் தாமே கரண்டியைப் பிடிப்பது அரிது. அவர் மேசனை அழைக்கிறார். மேசன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, மனக்கணக்காக ஒரு பட்டியல் சொல்லுகிறார். அப்பட்டியலுடன் அவருக்குப் பழக்கமான கடைக்கே ஆள் போகிறது. அந்தக் கடையில் மேசனுக்குக் கணக்கு உண்டு. வாங்கியதில் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கலாம். அரைக் கிலோ ஆணியும் ஒரே ஒரு குழாய் மூட்டும் தனித்தனியாக வாங்கலாம். மழை வந்து வேலை நின்றால் காசைப் பிறகு கொடுக்கலாம். இந்த வசதிகளில் ஒன்றைக்கூட மாளிகைக் கடையின் காசாளர் தரமாட்டார். ஐம்பது ஆணி அடைத்த பொட்டலத்தை முழுதாக எடு, உடனே காசைக் கட்டு, சீட்டில்லாமல் திரும்பி வராதே என்பது அவருடைய சட்டம். பொருளைத் தேர்ந்தெடுப்பவர் மேசன்; கடையோ வீட்டுக்காரரை நோக்கி விளம்பரம் செய்துகொண்டிருந்தது.

இந்தியாவில் மட்டும் இப்படி நேர்ந்ததன்று. முன்னர் நாம் குறிப்பிட்ட ஹோம் டிப்போவே 2006இல் சீனத்துக்குச் சென்று, அங்கிருந்த 12 கடைகளை வாங்கியது. சீனத்தில் வீடுகள் காளான் போல் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அங்கேயும் வீட்டுக்காரர் தாமே சுத்தியலைத் தூக்கவில்லை. வேலையாட்களின் கூலி குறைவாக இருந்தபடியால் அவர்களையே அழைத்தார். 2012இல் எஞ்சியிருந்த 7 பெருங்கடைகளையும் மூடிவிட்டு அந்நிறுவனம் வெளியேறியது. அமெரிக்காவில் வீட்டுக்காரனின் கையை அறிந்திருந்த கடைக்குச் சீனத்து வீட்டுக்காரனின் கை விளங்கவில்லை.

ஹோம் டவுனும் நாளடைவில் தன் பாதையை மாற்றிக்கொண்டது. சீமெந்தும் செங்கல்லும் சார்ந்த கனவை ஒதுக்கிவிட்டு, கட்டில், நாற்காலி, சமையலறை அலமாரி, அலங்காரப் பொருள் என்ற பக்கமாகச் சாய்ந்தது. 2016இல் இணையவழியே தளபாடம் விற்ற ஒரு நிறுவனத்தை அதற்காக வாங்கினார்கள். அதன் பின் ஹோம் டவுனைத் தாய் நிறுவனத்திலிருந்து பிரித்து, பிராக்சிஸ் என்ற தனிக் கம்பனியாக்கி, 2018இல் பங்குச் சந்தையில் இடம்பெறச் செய்தார்கள். ஒரு வீட்டுக்குப் பிறந்த பிள்ளைகளை, வீடு தாங்காது என்று தெரிந்ததும் தனிக்குடித்தனம் வைப்பது போன்ற ஏற்பாடு அது.

வீடு தாங்காமற் போனதற்குக் காரணம் கடன். பியானியின் ஃபியூச்சர் குழுமம் ஒரு கடையின் இலாபத்தில் அடுத்த கடையைத் திறக்கவில்லை, கடனில் திறந்தது. துணி, மளிகை, மின்பொருள், தளபாடம் என்று எல்லாத் திசைகளிலும் ஒரே காலத்தில் கால் வைத்தது. அகலக்கால் வைக்காதே என்று நம் பாட்டிமார் சொல்லுவது இதனைத்தான். 2012இலேயே கடனைக் குறைப்பதற்காக, தம் முதற் செல்வமான பான்டலூன்ஸை ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கைமாற்ற நேர்ந்தது. அது ஓர் எச்சரிக்கை. ஆயினும் விரிவு நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாவினால் கடைகள் மூடப்பட்டபோது, விற்பனை நின்றது, வட்டி நிற்கவில்லை, வாடகையும் நிற்கவில்லை.

அதன் பின் நிகழ்ந்தவை ஒரு நாவலுக்குப் போதியவை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரிலையன்ஸ் நிறுவனம் 24,713 கோடி இந்திய ரூபாய்க்குக் குழுமத்தின் கடைகளை வாங்க இணங்கியது. முந்தைய ஆண்டில் குழுமத்தின் ஒரு நிறுவனத்தில் பணமிட்டிருந்த அமேசான், எம்முடன் செய்த உடன்படிக்கையை மீறி இப்படி விற்கலாகாது என்று வழக்காடியது. இரண்டு யானைகள் மோதிக்கொண்டிருந்தபோது நடுவிலிருந்த கடைகளுக்கு வாடகை கட்டப் பணமில்லை. கட்டடச் சொந்தக்காரர் பலர் குத்தகையை ரிலையன்ஸுக்கே மாற்றிக் கொடுத்திருந்தனர். 2022 பெப்ரவரியில் ரிலையன்ஸ் அக்கடைகளைத் தன் வசமாக்கிக்கொண்டது, பெயர்ப்பலகைகள் இறங்கின. ஏப்ரலில் கடன் கொடுத்த வங்கிகள் விற்பனைத் திட்டத்தை நிராகரித்தன. ஜூலை 20ஆம் திகதி ஃபியூச்சர் ரீட்டெயில் நிறுவனம் கடனிறுக்க வகையற்றதென நீதித்துறைத் தீர்ப்பாயத்தின் நடவடிக்கைக்கு உட்பட்டது. தனிக்குடித்தனம் போயிருந்த ஹோம் டவுன் அந்தச் சரிவில் உடனே மறைந்துவிடவில்லை. ஆயினும் இந்திய வீடுகளையெல்லாம் அடிமுதல் முடிவரை ஒரே கூரையின் கீழ் அமைத்துக் கொடுப்போம் என்ற பழைய பெருங்கனவு அத்துடன் கலைந்தது எனலாம்.

அப்படியானால் கடன் இல்லாதவர் வென்றிருப்பார் அல்லவா என்று ஒரு வினா எழும். அதற்கும் விடை உண்டு. அதனை அறிய நாம் அவுஸ்திரேலியா வரை சென்று வரவேண்டும்.

அவுஸ்திரேலியாவில் வீட்டுச் சாமான் என்றால் பனிங்ஸ் என்பார்கள். 1886இல் இலண்டனிலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கிய தொழில் அது. மரம் அறுக்கும் ஆலைகளில் வளர்ந்து, பின்னர் நாடு முழுவதும் கடைகளாயிற்று. விடுமுறை நாட்களில் அக்கடைகளின் வாசலில் ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் உணவு சுட்டு விற்றுத் தம் நிதியைச் சேர்த்துக்கொள்ள இடங்கொடுப்பது அங்கே பெரு வழக்கம். கடை ஊருக்குள் வேரோடியிருந்தது என்பதற்கு அதுவொன்றே சாட்சி. இந்தப் பனிங்ஸை வெல்வதற்காக, 2011இல் வூல்வேர்த்ஸ் என்ற அவுஸ்திரேலியப் பெரு நிறுவனமும் லோஸ் என்ற அமெரிக்க நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து மாஸ்டர்ஸ் என்ற கடைகளைத் திறந்தன. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அமெரிக்காவில் கோடையாக இருக்கையில் அவுஸ்திரேலியாவில் குளிர்காலம். பருவத்துக்குப் பொருந்தாத பொருள்கள் மாஸ்டர்ஸ் தட்டுகளில் இருந்தன என்பது அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்ட குறை. 63 கடைகள் வரை திறந்து, முந்நூறு கோடி டொலருக்கு மேல் இழந்து, 2016 டிசெம்பர் 11ஆம் திகதி அத்தனையும் மூடப்பட்டன.

வென்ற பனிங்ஸ் இந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. மாஸ்டர்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த அதே 2016இல், பனிங்ஸின் உரிமையாளரான வெஸ்ஃபார்மர்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக்குச் சென்று, ஹோம்பேஸ் என்ற கடைத்தொடரை 340 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. ஹோம்பேஸ் 1979இல் உருவாகி, 1981இல் இலண்டனின் தெற்கேயுள்ள குரோய்டனில் முதற் கடையைத் திறந்து, படிப்படியாக வளர்ந்த நிறுவனம். திரைச்சீலை, மெத்தை உறை, அழகிய விளக்கு ஆகியவற்றுக்காகவும், சமையலறை அமைத்துத் தருவதற்காகவும் மக்கள் அங்கே செல்வார்கள். புதிய உரிமையாளர் வந்ததும், அக்கடைகளை அறிந்திருந்த மூத்த முகாமையாளர்களை அனுப்பிவிட்டனர். மென்மையான வீட்டு அலங்காரப் பகுதிகளை அகற்றிவிட்டு, அவுஸ்திரேலியாவில் விற்பது போன்ற கருவிகளையும் தோட்டச் சாமான்களையும் நிறைத்தனர். பழகிய வாடிக்கையாளர் வாசலில் நின்று, இது நம் கடையல்லவே என்று திரும்பினர்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஏறத்தாழ நூறு கோடிப் பவுண் இழப்புடன், 2018 மே மாதத்தில் ஹோம்பேஸை ஒரு பவுணுக்கு விற்றுவிட்டு வெஸ்ஃபார்மர்ஸ் வெளியேறியது. ஒரு பவுணுக்கு அந்நாட்டில் நல்லதொரு வர்ணத் தூரிகையும் வாங்க முடியாது. அதன் பின்னும் ஹோம்பேஸ் தலைநிமிரவில்லை. 2024 நவம்பரில் அது நிருவாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. பெயரையும் 70 கடைகள் வரையிலும் வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்நியர் வந்து தோற்றதைத் தன் ஊரில் கண்ட பனிங்ஸ், அந்நியனாகப் போய் அதே விதமாகத் தோற்றது. சொந்த ஊரில் தன்னை வாழவைத்தது தன் கெட்டித்தனம் என்று எண்ணியது போலும். ஊரறிந்த பழக்கமே தன்னை வாழவைத்தது என்பதை அது உணரவில்லை.

இங்கேதான் எமது சிறு கடைகளின் இரகசியம் விளங்குகிறது. ஹட்டனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் வீதியில், அக்கரப்பத்தனைக்கு வழி பிரியும் இடத்தில் உள்ளது லிந்துலை நகரம். அயலெங்கும் தேயிலைத் தோட்டங்கள். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் இந்த மலையில் தகரம் விரைவில் துருவேறும், மரம் உளுக்கும், சுவர் ஈரம் காணும். நாம் நன்கறிந்த ஒரு கடை முதலாளி இங்கே உண்டு. அவர் கடையில் தள்ளுவண்டி இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. நீண்ட கொப்பி ஒன்று மட்டும் உண்டு. அதில் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஆளின் பெயர், கொடுத்த பொருள், பாக்கித் தொகை என்று வரிவரியாக எழுதியிருக்கும். கையொப்பம் கிடையாது. பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் ஒவ்வொருவராக வந்து ஐந்நூறோ ஆயிரமோ கட்டிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் நாம் அங்கே நின்றிருந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் பத்துத் தகரம் கேட்டார். முதலாளி கொப்பியைத் திறக்கவில்லை. “பத்து எதுக்கு அக்கா? ஒங்க இஸ்தோப்புக்கு ஆறு தாராளமாப் போதும். மிச்சக் காசுக்கு நல்ல ஆணியும் வொஷரும் வாங்கிக்கோங்க. போன தடவை ஆணி சரியில்லாமத்தான் காத்து தூக்கிருச்சு” என்றார். அப்பெண்மணி ஆறு தகரத்துடன் போனார். நாலு தகரத்தின் இலாபத்தை அவர் தாமாகவே கைவிட்டார் என்று ஒரு பட்டதாரி முகாமையாளர் கணக்குப் போடுவார். ஆனால் அந்த இஸ்தோப்பின் நீளத்தையும், போன காற்றில் எந்தத் தகரம் பறந்தது என்பதையும் அறிந்திருப்பதே அவருடைய முதல். அந்த முதலை எந்த வங்கியும் கடனாகக் கொடுக்காது.

இந்த இடத்தில் சிறு கடையைப் புகழ்ந்து பாடிவிட்டுப் போவது நமது நோக்கமன்று. அதன் குறைகளையும் சொல்லவேண்டும். நகரத்துப் பெருங்கடையில் கிடைக்கும் வகைகள் இங்கே கிடையா. கடனுக்கு வாங்குபவர் பல வேளைகளில் விலை கேட்பதில்லை; கேட்காத விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முதலாளிக்குப் பிடிக்காதவருக்குக் கொப்பியில் இடம் இல்லை. அறிமுகம் என்பது இருபக்கமும் கூரான கத்தி.

சோதனைக் காலம் 2022இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திக்கொண்டது. பியானியின் குழுமம் கடனால் கவிழ்ந்த அதே ஆண்டில் எமது நாடும் கடனால் தள்ளாடியது. 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூடை 2022 நடுப்பகுதியில் ஏறத்தாழ 3,000 ரூபாயைத் தொட்டது. பாதிச் சுவர் எழுப்பியவர்கள் பாதியோடு நின்றார்கள். நாம் சொன்ன முதலாளி புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தினார். பழைய கடனைக் கேட்டு எவர் வாசலுக்கும் போகவில்லை. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதற்காக மனைவியின் நகையை அடகு வைத்தார். கடைப் பையன் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கொப்பியில் சில வரிகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. அவை வரமாட்டா என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் கடை நின்றது. ஏனெனில் அவர் கடன் கொடுத்திருந்தார். மொத்த வியாபாரியின் பாக்கியைத் தவிர வேறு கடன் வாங்கியிருக்கவில்லை. கொடுத்த கடன் வராவிட்டால் நட்டம்; வாங்கிய கடன் கட்டாவிட்டால் நாசம்.

தலவாக்கலையிலோ அக்கரப்பத்தனையிலோ ஒரு கிளை திறக்கலாமே என்று நாம் ஒருமுறை அவரிடம் கேட்டோம். “இன்னொரு கடை போட்டுறலாம் சேர். இன்னொரு நான் எங்க போறது?” என்றார். ஃபியூச்சர் குழுமத்தின் கணக்குகளையும் வெஸ்ஃபார்மர்ஸ் அறிக்கைகளையும் படித்தவர்கள் பல பக்கங்களில் எழுதிய காரணம் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடுகிறது. கடையைப் பெருக்கலாம், பழக்கத்தைப் பெருக்குவது அவ்வளவு எளிதன்று. அதற்குக் காலம் வேண்டும். அதனைக் கடன் வாங்கி அவசரப்படுத்த முடியாது.

ஆயினும் இந்தக் கதையை இத்துடன் நிறுத்தினால் உண்மையில் பாதியை மறைத்தவராவோம். இந்தப் பகுதியில் பெருங்கடை எழாததற்குச் சிறு கடையின் சிறப்பு மட்டுமே காரணமன்று. வீட்டைத் திருத்தும் கடை வேண்டுமாயின், முதலில் திருத்துவதற்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். எம்மக்களுள் மிகப் பலர் வாழ்வது லயக் காம்பராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட அறைகள் அவை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கைகள் பல மாறியும் காம்பராவில் வாழ்பவர் கைக்கு அதன் உறுதி வரவில்லை. ஒரு சுவரை நான்கடி முன்னே தள்ளுவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

அப்படியிருந்தும் மக்கள் தம் காம்பராவைத் திருத்துகிறார்கள். வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற ஊழியர் சேமலாப நிதியை எடுத்துத் தரைக்கு ஓடு பதிக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய பணத்தில் கூரையை மாற்றுகிறார்கள். ஏழு எட்டுக் காம்பராக்கள் ஒட்டியிருக்கும் ஒரே லயத்தில், ஒன்றுக்குப் பச்சை வர்ணமும் அடுத்ததற்கு நீல வர்ணமும் பூசியிருப்பதைக் காணலாம். சொந்தமில்லாத சுவருக்கு எவராவது காசைக் கொட்டுவாரா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். பிறந்த பிள்ளைக்கு முதற் சோறு ஊட்டியதும், பெரியவரை இறுதியாகக் கிடத்தியதும் அந்தச் சுவருக்குள்தான். உறுதி இல்லாத வீடு என்பதால் அது வீடு இல்லாமற் போய்விடுமா?

ஆனால் வங்கி அப்படி நினைப்பதில்லை. வீடு திருத்தக் கடன் கேட்டால் வங்கி காணி உறுதியைக் கேட்கிறது. கடையோ முகத்தைப் பார்த்தே கொடுத்துவிடுகிறது. உறுதியில்லாதவருக்கு முகம் ஒன்றே ஈடு. அதனாலேயே எம்மவர்க்குக் கடைக் கொப்பியே வங்கியாயிற்று. இதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. முகத்தை நம்பி ஆறு தகரம் கொடுக்கலாம். ஒரு வீடு கொடுக்க முடியாது. கொப்பி ஒழுக்கை அடைக்கும், அத்திவாரம் போடாது.

தோட்டப்புறங்களில் இந்திய உதவியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் மலைநாட்டுக்கு வந்தபோது, ஏற்கெனவே திட்டமிட்ட 4,000 வீடுகளுடன் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அத்தகைய வீடு ஒன்றுக்குக் குடிபோன எமது பழைய மாணவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். புதிய வீட்டின் பின்புறத்தில் அவர் தாமே தகரத்தால் ஒரு சாய்ப்பு இறக்கி, விறகடுப்பு அமைத்திருந்தார். “அம்மாவுக்கு வெறகடுப்பு இல்லாட்டிச் சரிவராது சேர், குளிருக்கும் அதுதானே” என்றார். வீட்டை வரைந்தவருக்கு மலையின் குளிரும் தாயின் பழக்கமும் தெரியவில்லை போலும். அந்தச் சாய்ப்புக்கான தகரம் எந்தக் கொப்பியில் எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

குரோய்டனிலும் நொய்டாவிலும் கடைகளைக் கவிழ்த்த அதே அறியாமை வீடு கட்டித்தருபவரிடமும் புகுந்துவிடலாம் என்பதற்காகவே இதனைச் சொன்னோம். வீட்டுக்குப் பொருள் விற்பவராயினும், வீட்டையே தானமாகத் தருபவராயினும், அந்த வீட்டில் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுபவர் யார் என்று முதலில் கேட்டறிய வேண்டும். கேளாமல் கட்டிய கடை மூடப்பட்டால் முதலாளிக்கு நட்டம். அத்துடன் அது முடிந்தது. கேளாமல் கட்டிய வீட்டில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழவேண்டியிருக்கிறது.

இன்று எமது இளைஞர் பலர் கடை வைக்க விரும்புகிறார்கள். அது வரவேற்கத்தக்கது. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: முதலாவது கடையில் வருபவர்களின் கூரையும் சுவரும் உங்களுக்கு மனப்பாடமாகும் வரை இரண்டாவது கடைக்குக் கடன் வாங்காதீர்கள். ஆள்வோருக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் சொல்ல வேண்டியது வேறு. எழுத்தில்லாத, கையொப்பமில்லாத வெறும் சொல்லை நம்பி வாங்கிய பொருளுக்கு மாதந்தவறாமல் காசு கட்டுகிற மக்கள் இவர்கள். ஒரு கடை முதலாளி இவர்கள்மேல் வைத்த நம்பிக்கையை அரசும் வைத்து, அவரவர் வீட்டு உறுதியை அவரவர் கையில் கொடுக்கட்டும். அதன் பிறகு பெருங்கடை வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை. இந்த மலையின் வீடுகளை எம்மவர் தாமே திருத்திக்கொள்வார்கள்.